மஞ்சக்குப்பத்தில் முப்பத்தொரு துப்பாக்கிகள்

கம்பெனி கொடுத்தனுப்பிய தாளில்
'குறை' என்ற சொல் இல்லை.
'மேம்பாடு' என்று சொல்ல வேண்டும்.
'முன்னெச்சரிக்கை' என்றும் சொல்லலாம்.
யாராவது குரலை உயர்த்தினால் தண்ணீர் கொடுக்க வேண்டும்,
அப்புறம் ஒரு தோல் வார், இலவசமாக.

விஷயம் இவ்வளவுதான்:
பூட்டுப் போட்டிருந்தாலும்
இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் வெடிக்கும்.
எல்லாம் அல்ல, சில.
சூடு சரியாக ஏறாத ஓர் இரும்பு நாக்கு,
சுண்டுவிரல் நகம் அளவு.
எதற்குள் இருக்கிறது என்று
வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இம்பீரியல் ரோட்டில் மரைக்காயர் தன் கடையிலேயே
ஷட்டரைப் பாதி இறக்கி மேசை போட்டுத் தந்தார்.
கலெக்டர் ஆபீஸ் கடிதம், மூன்று நகல்.
வாசலில் ஒரு கான்ஸ்டபிள், கையில் பட்டாணிப் பொட்டலம்.
"வித்தது நான்மா. உங்க கம்பெனி
எந்த ஊர்ல இருக்குன்னுகூட இவங்களுக்குத் தெரியாது.
என் மூஞ்சிதான் தெரியும்."
சொல்லிவிட்டு எனக்கும் டீ சொன்னார்.

நடுவீரப்பட்டிலிருந்து தனபாக்கியம் வந்தார்,
எக்ஸெல் வண்டியில், உரச்சாக்கில் சுற்றி.
புருஷன் செத்தபின் தன் பேருக்கு மாற்றிய லைசென்ஸ்.
ஆறு வாரத்தில் திரும்பிவிடும் என்றேன்.
"ஆறு வாரமும் முந்திரித் தோப்புக்கு வர்ற பன்னிங்களுக்கு
லெட்டர் போட்ருவீங்களா?"
கான்ஸ்டபிள் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் வங்கிக் காவலாளி,
முன்னாள் ஹவில்தார் தேசிங்கு,
இரட்டைக் குழலை மேசையில் பிரித்து வைத்தார்.
இரண்டு துளையிலும் தூசி.
தோட்டாக்கள் சட்டைப் பையில், நாலு வருஷமாக.
"வாங்கின வாரமே சுவத்துல சாத்தினது சரிஞ்சுது.
உள்ள ஒரு சத்தம். பட்டாளத்துக் காதுக்குப் புரிஞ்சிடும்.
உங்களுக்கு எழுதினேன். பதில் இல்ல.
அன்னையிலேர்ந்து பாங்கு
என் மீசையை நம்பித்தான் நடக்குது."

அவர் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.
கோப்பில் இருக்கிறது, நுணுக்கமான கையெழுத்து,
பேனாவால் வரைந்த படம்கூட உண்டு.
ஓரத்தில் பச்சை மையில் எங்கள் ஆள் யாரோ:
'கையாளத் தெரியாதவர்.'
அதை அவரிடம் சொல்லவில்லை.
தோல் வாரை நீட்டினேன்.
திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் காடாம்புலியூர் கலிவரதன்.
துப்பாக்கியைக் கொடுத்தார், ரசீது வாங்கினார்,
ஆனாலும் எழுந்திருக்கவில்லை.
"போன தையில மாட்டுக் கொட்டா கூரை ஓட்டையாச்சு.
ஆணியிலேர்ந்து விழுந்துது.
என் பொண்ணு அப்பதான்
வைக்கோல் எடுத்துட்டு வெளிய போயிருந்தா.
பூட்டுப் போட்டேன்னு சொன்னேன். யாரும் நம்பல.
பொண்டாட்டி ஆறு மாசமா சோறு வைப்பா, பேச மாட்டா.
ஒரு கட்டத்துல நானே நம்பல.
போடாம விட்டுட்டேனோன்னு."
கொஞ்சம் நிறுத்தி,
"துப்பாக்கி வரட்டும், வராமப் போகட்டும்.
எழுதிக் கொடுங்க" என்றார்.

எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது:
தாளில் நாலாவது வரி, தடித்த எழுத்தில்.

அந்தத் தாளைத்தான் திருப்பினேன்.
'கூரை ஓட்டையானது இவர் தவறால் அல்ல.
பூட்டுப் போட்டிருந்தார். பூட்டு நிற்கவில்லை.
குறை எங்களுடையது.'
கையெழுத்து, தேதி.
என்னிடம் முத்திரை கிடையாது.
மரைக்காயர் இழுப்பறையைத் திறந்து
தன் கடை முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்,
ஒரு தடவை மங்கலாக, இன்னொரு தடவை சரியாக.

கலிவரதன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.
மடித்து, பிளாஸ்டிக் உறையில்
ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தார்.
தோல் வார் வேண்டுமா என்று கேட்கவில்லை நான்.

ஆறரைக்கு எண்ணினோம். முப்பது.
வராதது கிள்ளைப் பக்கம்,
போன் எடுக்கவில்லை,
வரிசை எண்ணின் கடைசி இலக்கம் மூன்றா எட்டா
என்று பில்லிலும் தெளிவில்லை.
கான்ஸ்டபிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.
காலை ஐந்தரைக்கு சிதம்பரம் பஸ் என்றார் மரைக்காயர்,
தானும் வருவதாக.

ஷட்டரை இறக்காமல்
இன்னொரு டீ சொன்னார்.